சோற்றைக் குறைத்தவர் இரத்ததானம் செய்யலாமா?

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் சர்வகலாசாலை மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



பேசுவதற்கு ஒரு விடயத்தைத் தெரிவு செய்யும்படி செயலாளர் கேட்டபோது, நான் நன்கறிந்த ஒன்றைப் பற்றியே பேசுவேன் என்றேன். பெருமைக்காக அப்படிச் சொல்லவில்லை. என் சொந்தத் தவறு ஒன்றினாலேயே அதை அறிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, உடம்பு பெருத்துவிட்டதென்று கண்டு, சோறு, பாண், இடியப்பம், பிட்டு, சீனி யாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினேன். பத்தாம் நாள் எங்கள் பகுதியில் இரத்ததான முகாம் ஒன்று நடந்தது. என் தமக்கையார் பிரசவ வேளையில், முன்பின் அறியாத இருவருடைய இரத்தம் ஏற்றப்பட்டே உயிர் பிழைத்தார். அந்தக் கடனை இறுக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. எங்கள் ஒழுங்கையிலுள்ள தம்பிமார் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று காலை வெறுந்தேநீர் மாத்திரமே குடித்திருந்தேன். “சாப்பிட்டீரா, தம்பி?” என்று தாதி கேட்டார். “ஓம்” என்றேன். இரத்தம் கொடுத்து முடித்து எழுந்து நின்றவன் அப்படியே சரிந்தேன். கண் விழித்தபோது என் கால்களை உயர்த்திப் பிடித்திருந்தனர். வரிசையில் நின்ற தம்பிமார், “அண்ணை, நாங்கள் பிறகு குடுப்பம்” என்று சொல்லிவிட்டு வெளியேறினர். எனக்குக் காயம் ஒன்றுமில்லை. ஆனால், அன்று சேரவேண்டிய இரண்டு பை இரத்தம் என்னாலே சேராமற் போயிற்று. அத்தம்பிமாருள் ஒருவர் இன்று இச்சபையில் அமர்ந்திருக்கிறார். இப்பேச்சு முதலில் அவருக்கே உரியது.

மாப்பொருளைக் குறைத்து உண்பது புதிய வழக்கமன்று. இலண்டனில் வில்லியம் பான்ரிங் என்பவர் பாணையும் சீனியையும் உருளைக்கிழங்கையும் விட்டுத் தம் பருமனைக் குறைத்த வரலாற்றை 1863ஆம் ஆண்டிலேயே சிறு நூலாக வெளியிட்டார். இன்று நம்மவருட் பலர், சீனி வியாதிக்கு அஞ்சியோ அழகு கருதியோ, இவ்வழியில் நிற்கின்றனர். இவர்கள் இரத்தம் கொடுக்கலாகாது என்று தடை ஏதும் இல்லை. கொடுக்கலாம். ஆனால், ஆயத்தத்துடன் கொடுக்க வேண்டும். அதன் காரணங்கள் மூன்று.

முதலாவது, நீர். நாம் உண்ணும் மாப்பொருளின் ஒரு பகுதி கிளைக்கோசன் என்னும் பொருளாக ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்திய முதல் நாட்களில் இச்சேமிப்புக் கரைய, நீரும் கூடவே வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகங்கள் உப்பையும் வழமையிலும் அதிகமாக வெளியேற்றுகின்றன. முதல் வாரத்தில் நிறை விரைந்து குறைவதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அதிற் பெரும்பங்கு கொழுப்பன்று, நீர் என்பதைப் பின்னரே அறிந்தேன். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் உண்டு. முகாமில் அதில் 450 மில்லிலீற்றர் வரை எடுப்பர். நீர் வற்றிய உடலுக்கு அந்த இழப்புச் சற்றுப் பெரிதே.

சீனி குறைந்ததாலேதான் மயக்கம் வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அப்படியன்று. நாம் மாப்பொருள் உண்ணாதபோதும் ஈரல் வேண்டிய சீனியை ஆக்கிக்கொள்ளும். நரம்புகளின் செயலால் இதயத்துடிப்புத் தளர்ந்து, இரத்த அமுக்கம் தாழ்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் சில கணம் குறைவதே மயக்கத்துக்கு வழமையான காரணம். பயமும் வெறுவயிறும் நீர்க்குறைவும் அதற்குத் துணை செய்கின்றன.

இரண்டாவது, இரும்புச்சத்து. ஒருமுறை இரத்தம் கொடுக்கையில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு நம்மை விட்டுப் போகிறது. உணவிலிருந்து உடல் ஏற்றுக்கொள்வதோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராமே. நம் நாட்டில் ஒருமுறை கொடுத்தவர் மறுமுறை கொடுக்க 4 மாதங்கள் பொறுக்க வேண்டும் என்ற விதியின் நியாயம் இதிலிருந்து விளங்கும். மீனும் முட்டையும் இறைச்சியும் உண்டு சோற்றைக் குறைப்பவருக்கு இதில் அதிக இடரில்லை. சைவ உணவினரே கவனிக்க வேண்டியவர். மாப்பொருள் என்று கருதி பருப்பு, பயறு, கடலை, கௌபி ஆகியவற்றையும் சோற்றுடன் சேர்த்து ஒதுக்கினால், இரும்பு வரும் வழியையும் அடைத்தவராவர். அவற்றை அளவோடு வைத்துக்கொண்டு, கீரை வகைகளையும் எள்ளையும் சேர்த்து, தேசிக்காய்ப் புளி அல்லது நெல்லிக்காயுடன் உண்பது நன்று. புளிப்புக் கனிகளிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’ இரும்பை உடல் ஏற்க உதவும். உணவோடு தேநீர் குடிப்பதோ அதனைத் தடுக்கும்.

மூன்றாவது, கொழுப்பு. சோற்றை விட்டவர் பலர் வெண்ணெய், தேங்காய்ப்பால், பொரியல் என்பவற்றால் வயிற்றை நிரப்புகின்றனர். கொழுப்பு மிகுந்த உணவை உண்டு சில மணி நேரத்துக்குள் கொடுத்தால், இரத்தத்தின் திரவப் பகுதி பால்போல வெளிறித் தோன்றும். அது சில பரிசோதனைகளைக் குழப்பும். சில வேளை அப்பகுதியைப் பயன்படுத்தாமல் கழித்துவிடவும் நேரும். கொடுத்தும் பயனில்லையெனின் அந்தத் தானத்தால் யாருக்கு என்ன நன்மை?

ஆகையால் நாம் செய்யவேண்டியது யாது? இப்பழக்கத்தைப் புதிதாகத் தொடங்கியவர் முதல் இரண்டொரு வாரங்கள் பொறுத்திருப்பதே புத்தி. பழகியவர் முதல் நாளே நிறைய நீர் அருந்தி, உணவில் உப்பைக் குறைக்காது, நன்றாகத் தூங்க வேண்டும். இரத்த அமுக்கம் உள்ளவர் உப்பைப் பற்றி வைத்தியரைக் கேட்டே நடக்க வேண்டும். கொடுக்கும் நாளிற் காலையில் முட்டையோ மீனோ சுண்டலோ கொழுப்பில்லாமல் உண்டு, ஊசி ஏற்றுவதற்குச் சற்று முன் அரை லீற்றர் நீர் குடிக்க வேண்டும். படுத்திருக்கையில் கால்களைப் பின்னித் தசைகளை இறுக்கி இறுக்கித் தளர்த்துவதும் மயக்கத்தைத் தடுக்கும். முடிந்ததும் அவசரப்பட்டு எழும்பலாகாது. அங்கே தரும் பானத்தைக் குடியுங்கள். ஒரு குவளை இனிப்புப் பானத்தால் ஒரு மாதக் கட்டுப்பாடு அழிந்துவிடாது. விரதம் அனுட்டிப்போரும் விரத நாளில் முகாமுக்குப் போகாமல், பாரணை முடித்து ஓரிரு நாள் கழித்துப் போகலாம்.

எல்லாவற்றிலும் மேலாக, கேட்பவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். நான் கற்றது ஒரு மிஷன் கல்லூரியில். அங்கே சுகாதாரம் கற்பித்த ஆசிரியர், வைத்தியரிடம் பொய் சொல்பவன் தன் நோய்க்கே உபகாரம் செய்கிறான் என்பார். வகுப்பில் அதைக் கேட்டுச் சிரித்தோம். முகாமில் நான் சொன்ன அந்த ஒரு சொல் “ஓம்” அவர் முகத்தை என் நினைவுக்குக் கொண்டுவந்தது. சீனி வியாதிக்கு மருந்து எடுப்போர் அதனையும் மறைக்கலாகாது.

ஐந்து மாதங்களின் பின் மறுபடியும் போனேன். அப்போதும் இரவில் சோறு உண்பதில்லை. ஆனால், மேற்சொன்னபடி ஆயத்தம் செய்திருந்தேன். உண்டதையும் உண்ணாததையும் ஒளிக்காமற் சொன்னேன். ஈமோகுளோபின் அளவைப் பார்த்து ஏற்றுக்கொண்டனர். பத்து நிமிடத்தளவில் முடிந்தது. கால்மணி நேரம் அமர்ந்திருந்து, என் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

இரத்தத்தின் வகைகளை வியன்னாவில் காள் லான்ட்ஸ்ரைனர் 1901ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னரே, ஒருவருடைய இரத்தத்தை மற்றொருவருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்க வழி பிறந்தது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே உலக இரத்ததானத் தினமாகும். 2014ஆம் ஆண்டு அதனை ஏற்று நடத்திய நாடு நம் இலங்கை. கூலி பெறாத கொடையாளரின் இரத்தத்தாலேயே நம் வைத்தியசாலைகள் இயங்கும் நிலையும் அந்த ஆண்டில் எட்டப்பட்டது. எந்த ஆலையிலும் இரத்தத்தை உற்பத்தி செய்ய முடியாது. குளிரில் வைத்தாலும் செங்குழியங்கள் 35 முதல் 42 நாட்களே நிற்கும். தலசீமியா நோயுள்ள பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் வேண்டும். பிரசவத்தில் வருந்தும் தாய்க்கு அந்த நிமிடமே வேண்டும்.

புறாவுக்காகச் சிபிச் சக்கரவர்த்தி தன் தசையை அரிந்து தராசில் இட்ட கதையைச் சிறு வயதிற் கேட்டோம். அத்தகைய வேதனையை இன்று நம்மிடம் எவரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் சிறிது நேரமும், சிறிது ஆயத்தமும், ஓர் உண்மையான பதிலுமே. தன் உடலைப் பேணிக்கொண்டு கொடுப்பதும் தானத்தின் ஒரு பகுதி. தளர்ந்து விழுபவனைப் பார்த்துப் பத்துப் பேர் திரும்பிப் போவர். நிமிர்ந்து நடந்து வருபவனைப் பார்த்துப் பத்துப் பேர் உள்ளே வருவர்.

தம்பி, அடுத்த முகாமுக்கு நான் போகும்போது உம்மையும் அழைப்பேன். வருவதும் வராததும் உம் விருப்பம். வந்தால், முதலில் காலைச் சாப்பாட்டை எங்கள் வீட்டில் இருவருமாக முடித்துக்கொண்டு போவோம்.