சிறிய குளியலறையும் சுவரின் வண்ணமும்



வீட்டிற்கு வண்ணம் பூசுவது என்று முடிவான அன்று, கூடத்திற்கு எந்த நிறம் என்பது பற்றி வீட்டிலுள்ளோர் அனைவரும் பேசுவர்; படுக்கையறையைப் பற்றி இருவரேனும் பேசுவர்; குளியலறையைப் பற்றிப் பேசுவார் எவருமிலர். வேலை முடியும் தறுவாயில் டப்பாவில் எஞ்சியிருப்பதைக் கொண்டுபோய் அங்கே பூசிவிட்டு வேலையாள் கூலி வாங்கிக்கொண்டு செல்வார். பின்னர்ப் பல ஆண்டுகள், விடியற்காலையில் நாம் கண்விழித்து முதலில் காண்பது அந்த எஞ்சிய வண்ணத்தைத்தான். ஆகவே இச்சிறு அறைக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்று இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

நம் ஊர்களில் இக்கேள்வி பெரும்பாலும் எழுந்ததில்லை. ஆற்றிலும் குளத்திலும் கிணற்றடியிலும் நீராடியோர்க்குச் சுவர் ஏது? கொல்லைப்புறத்தில் மறைப்பு இருந்த வீடுகளிலும் அது பெரும்பாலும் கீற்றுத் தட்டியே, மேலே வானம். ஆனால் தில்லிக் கரோல்பாகிலோ, மும்பை மாதுங்காவிலோ, கொல்கத்தாவின் ஏரிப்பகுதியிலோ குடியேறிய நம்மவர்க்குக் கிடைத்தது வேறு. நான்கடி அகலம், ஆறடி நீளம், கதவு ஒன்று, கூரையையொட்டி ஒரு சாளரம். அச்சாளரமும் தெருவை நோக்கியதன்று. நான்கு வீட்டுக் குழாய்கள் இறங்கும் இருண்ட காற்றுக்குழியை நோக்கியது. இத்தகைய அறையில் வண்ணம் என்பது அழகுப் பொருள் மட்டுமன்று.

கடையில் தரும் வண்ண அட்டையில் கண்ட நிறம் வேறு, சுவரில் காணும் நிறம் வேறு என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். சிறிய அறையில் ஒரு சுவரின்மீது விழுந்த ஒளி எதிர்ச்சுவருக்குத் தாவுகிறது. அங்கிருந்து மீண்டும் இங்கே வருகிறது. ஒவ்வொரு தாவலிலும் அந்த ஒளி சுவரின் நிறத்தை மேலும் சிறிது ஏற்றுக்கொள்கிறது. ஆதலின் அட்டையில் இளம்பச்சையாக இருந்தது நான்கு சுவர்களுக்கிடையே அடர்பச்சையாகி நிற்கும். அந்த ஒளியே நம் முகத்திலும் விழும். பச்சைச் சுவர்களுக்கு நடுவே நின்று சவரம் செய்துகொள்பவர் கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டு, காமாலை கண்டுவிட்டதோ என்று ஐயுறுவதும் உண்டு! மனத்திற்குப் பிடித்த நிறம் எதுவாயினும் அட்டையில் அதற்கு ஒருபடி, இருபடி வெளிறியதைத் தேர்ந்துகொள்வது நன்று.

வெள்ளை பூசினால் சிறிய அறை பெரிதாகத் தோன்றும் என்பது கடைக்காரரும் அண்டை வீட்டாரும் ஒருங்கே கூறும் வாய்பாடு. இதில் பாதி உண்மை உண்டு. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 80 பங்குக்கு மேல் திருப்பித் தரும்; ஆழ்ந்த நீலமோ கரும்பச்சையோ 10 பங்கு அளவே தரும். எனினும், வெள்ளை தானாக ஒளியை உண்டாக்குவதில்லை. வந்ததைத்தான் திருப்ப இயலும். காற்றுக்குழி வழியாக மங்கிய ஒளி மட்டுமே நுழையும் அறையில் தூய வெள்ளை, சாம்பல் பூசியதுபோல் களையிழந்து நிற்கும். அவ்வறைக்குச் சந்தன நிறமோ, பாலேடு போன்ற வெண்மஞ்சளோ ஏற்றது. வெளிச்சம் நேரே விழும் அறை வாய்த்தோர் வெள்ளையை அஞ்ச வேண்டியதில்லை.

விளக்கையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். அலுவலகம் செல்வோர் பலரும் நீராடுவது கதிரவன் எழுமுன்பே ஆகும். அப்போது அறையை ஆள்வது மின்விளக்கு. இப்போது கடைகளில் மிகுதியாக விற்கும் எல்.இ.டி. விளக்குகள் 6500 கெல்வின் எனக் குறிக்கப்பெற்ற நீலம் சார்ந்த வெண்ணொளி தருவன. 2700 கெல்வின் எனக் குறித்தவை பழைய குண்டு விளக்கைப் போன்ற மஞ்சள் ஒளி தருவன. முன்னதன்கீழ்ச் சந்தன நிறம் சற்று வெளிறும். பின்னதன்கீழ் இளநீலம் அழுக்கேறியதுபோல் தோன்றும். ஆகவே சிறு டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் இருமுறை பூசி உலர்த்தி, அதனைக் குளியலறை மூலையில் நிறுத்தி வையுங்கள். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பாருங்கள். மூன்று நாள் பொறுத்தால் போதும். சுவரிலேயே சிறு திட்டாகப் பூசிப் பார்ப்பது அத்துணைச் சிறந்ததன்று. சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றிவிடும்.

இவ்வேமாற்றத்தை ஆராய்ந்து நூலெழுதியவர் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரேல் என்பவர். பாரிசு மாநகரில் கம்பளத் திரைச்சீலைகள் நெய்யும் கொப்லேன் ஆலையில் சாயத்துறைக்குத் தலைவராயிருந்தார் அவர். சில நூல்களின் சாயம் மங்கியுள்ளது என்று குறை எழுந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அந்நூலுக்கு அருகில் நெய்யப்பெற்ற நிறத்தில்தான் உள்ளது என்று அவர் கண்டறிந்தார். 1839-இல் வெளிவந்த அவருடைய நூல் கூறும் விதி குளியலறைக்கும் பொருந்தும். வாடகை வீட்டில் பாதிச் சுவர்வரை டைல் பதித்திருப்பார்கள். அதனை நாம் மாற்ற இயலாது. பச்சை டைலுக்கு மேலே பூசிய வெள்ளை இலேசாகச் செம்மை பாய்ந்ததாகத் தோன்றும். நீல டைலுக்கு மேலே அதே வெள்ளை மஞ்சள் சார்ந்து தோன்றும். எனவே டைலை விட்டுவிட்டு நிறம் தேடுவது வீண். அந்த டைலில் உள்ள நிறங்களுள் மிக வெளிறியது எதுவோ அதனையே மேற்சுவருக்கு எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை நேராது.

இனி, நாம் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருவோம். வெளிமாநிலத்தில் வாழும் நம்முடைய வீடுகளுக்கு ஆண்டில் சில திங்கள் தாயோ தந்தையோ ஊரிலிருந்து வந்து தங்குகின்றனர். பலர் நிலையாகவே வந்துவிடுகின்றனர். அறுபது வயதைக் கடந்தவரின் கண்ணுக்குள் சென்று சேரும் ஒளி, இருபது வயதினருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பர் கண்ணியல் அறிஞர். அன்றியும், முதுமையில் விழியாடி மஞ்சளித்து நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது; கண்புரை வளர்ந்தோர்க்கு இது இன்னும் மிகுதி. இளநீலத்திற்கும் இளஞ்சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேற்றுமை நம் கண்ணுக்குத் தெளிவாயினும் அவர்களுக்குத் தெரிவதில்லை. நாமோ புதுமை என்று கருதித் தரை வெள்ளை, சுவர் வெள்ளை, கழிப்பிருக்கை வெள்ளை, நீர் தடுக்கும் மேடும் வெள்ளை என்று அமைத்துவிடுகிறோம். நாம் அறிந்த ஓர் இல்லத்தில், புதிதாக அழகுபடுத்திய குளியலறையினுள் நுழைந்த மூதாட்டி, இரண்டங்குல உயரமுள்ள அந்த மேடு தரையினின்று வேறுபட்டுத் தோன்றாமையால் இடறி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். அறையில் நீரும் இல்லை, வழுக்கலும் இல்லை. மேட்டிற்கு வேறு நிறம் பூசியிருந்தால் அவர் கால் தூக்கி வைத்திருப்பார்.

நம் முன்னோர் இதனை ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். ஆனால் வழக்கத்தில் வைத்திருந்தனர். வெள்ளையடித்த சுவரின் அடியிலும், திண்ணையின் விளிம்பிலும், படியின் ஓரத்திலும் காவிப் பட்டை தீட்டினர். கோலத்தைச் சுற்றிலும் காவி இட்டனர். அப்பட்டையைக் குளியலறைக்குள் கொண்டுவந்தால் என்ன? சுவர் சந்தன நிறமாகட்டும். தரையோடு சுவர் சேரும் இடத்தில் ஆறங்குல அகலத்திற்குச் செங்காவிப் பட்டை ஓடட்டும். மேட்டின் விளிம்பிற்கும் கதவுநிலைக்கும் அதே செங்காவி. கைப்பிடிக் கம்பி பொருத்தியிருந்தால் அதற்கும் அந்நிறமே. இரவில் சிறுவிளக்கின் மங்கிய ஒளியில் செந்நிறம் ஏனைய நிறங்களுக்கு முன்னரே இருண்டு கறுப்பாகத் தோன்றும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பெற்ற உண்மை. அதனால் நமக்கு இழப்பில்லை. வெளிறிய சுவரருகே கருங்கோடாக நின்று அது வழிகாட்டும். ஆனால் தரையின் நடுவே கறுப்புத் திட்டுகளோ கட்டங்களோ வேண்டா. பார்வை குன்றியோர்க்கு அவை பள்ளம்போல் தோன்றித் தயக்கம் விளைக்கும். பளபளக்கும் பூச்சும் கண்ணைக் கூசச் செய்யும். இலேசான மெருகு போதும்.

கண்ணும் நிறமும் என்றவுடன் நம்மவர் ஒருவரை நினையாதிருக்க முடியவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழ்நாளைச் செலவிட்ட சர் சி. வி. இராமன், தம் முதுமையில் மலர்களின் நிறத்தையும் மனிதக் கண் அதனைக் காணும் முறையையும் ஆராய்ந்து 1968-இல் நூலொன்று வெளியிட்டார்.

இனி ஊரும் நீரும். தில்லி வட்டாரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினநீர். சுவரில் தெறித்து உலர்ந்தால் வெண்புள்ளிகள் படியும். அங்கே கருநீலமும் காப்பி நிறமும் பூசியோர் நாள்தோறும் துடைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மார்கழி, தைக் குளிரில் வெந்நீரின் ஆவி குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து ஒழுகும். வங்காளத்தில் குழாய்க்கிணற்று நீரில் இரும்பு கலந்த இடங்கள் பல. வெள்ளைச் சுவரும் வாளியும் சில திங்களில் துருநிறம் கொள்ளும். அங்கே சந்தனமும் வெளிறிய செங்கல் நிறமும் குறையை மறைக்கும். மும்பையிலோ சூன் முதல் செப்டம்பர் வரை சுவர் உலர்வதே இல்லை. அங்கே வண்ணம் பூசுவதற்குக் காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மழை தொடங்கியபின் பூசியது தோலுரிந்து வரும்.

எங்கே இருப்பினும், மேல்வீட்டுக் குழாய் கசிந்து சுவர் ஓதமேறியிருந்தால் எந்த வண்ணமும் நிற்காது. முதலில் கசிவை நிறுத்துக. பின்னர் உலர விடுக. புதிய சிமெண்டுப் பூச்சு ஒரு திங்களேனும் உலர வேண்டும். கரும்பூஞ்சணம் படர்ந்திருந்தால் வெளுப்புத் தூள் கரைசலால் கழுவித் துடைத்த பின்னரே பட்டி பார்த்துப் பூசத் தொடங்க வேண்டும். அக்கரைசலோடு தரை கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடலாகாது; நச்சுக்காற்று எழும். பூஞ்சணம் முதலில் தோன்றும் இடம் கூரை. அதனை வெள்ளையாகவே விடுமாறு கூறுவோம். ஒளியும் திரும்பும், பூஞ்சணமும் உடனே கண்ணில் படும்.

நம்மவர் குளியலறைக்கே உரிய கறைகளும் உண்டு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் சுவரிற் சாயும் தோளும், தெறிக்கும் சீயக்காயும், இல்லத்தரசியர் பூசும் மஞ்சளும் பிற மாநிலத்து வீட்டு உரிமையாளர் எதிர்பாராதவை. மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்தவுடன் நாம் காண்பது அதுவே. சுண்ணாம்படித்த சுவரில் தெறித்த மஞ்சளும் அவ்வாறே செந்திட்டாகும். வெயில் பட்டால் அக்கறை வெளுக்கும். இருண்ட அறையில் எளிதிற் போகாது. ஆகவே சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் இங்கே வேண்டா. கழுவத்தக்க எமல்ஷன் பூச்சே தக்கது. சுண்ணாம்பு காரத்தன்மையால் பூஞ்சணத்தைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆயினும் தோளிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும் சுவர் நான்கடி அகல அறைக்கு ஆகாது.

செலவு பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பாதிச் சுவர் டைல் பதித்த இத்தகைய அறையில் கூரையையும் சேர்த்துப் பூச வேண்டிய பரப்பு ஏறத்தாழ 100 சதுர அடியே. இருமுறை பூச 2 லிட்டர் போதும். கூலியே பெரிது, ஆதலின் வண்ணத்தில் மலிவு தேடுதல் பயனற்றது.

பழைய கட்டடங்களில் குடியிருப்போர் ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். முற்காலத்து எண்ணெய் வண்ணங்களில், சிறப்பாக மஞ்சள், செந்நிறங்களில், ஈயம் மிகுதியாகச் சேர்ந்திருந்தது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல் அறிவிக்கப்பெற்று 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் அத்தூள் குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இரு நாளும் குழந்தைகளை அண்டை வீட்டில் விடுங்கள். செங்காவிப் பட்டைக்கு வாங்கும் எனாமல் டப்பாவிலும் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்தே வாங்குங்கள்.

வாடகை வீடாயின், பட்டை தீட்டுமுன் உரிமையாளரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நலம். வயது முதிர்ந்தோர் பொருட்டு என்றால் மறுப்போர் அரியர். வேலை முடிந்தபின் எஞ்சிய வண்ணத்தைச் சிறு புட்டியில் இறுக மூடி, அட்டையிலுள்ள எண்ணையும் பூசிய நாளையும் அதன்மேல் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு குழாய் மாற்ற வருபவர் சுவரை உடைத்துச் சாந்து பூசிச் செல்லும்போது அது உதவும்.