பச்சிளங்குழந்தையின் கண்ணில் பீளை: எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பாளரான குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

நம் குடியிருப்பில் கைக்குழந்தை உள்ள வீடுகள் பல. தாத்தா, பாட்டிகளும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். குறிப்பாக உங்களிடம்தான் பேச வந்தேன்.

காலையில் குழந்தையின் கண் ஒட்டியிருக்கிறது, நீர் வடிகிறது. ஆனால் கண் சிவக்கவில்லை, இமை வீங்கவில்லை. இது பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பு. ஒரு வயதுக்குள் அநேகக் குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். மூக்கோரமாக எப்படி நீவிவிடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு இமை வீங்கி, கண் சிவந்து, சீழ் வந்தால் கதையே வேறு. இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து கொனோரியா கிருமி தொற்றியிருந்தால் பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் தெரியும். அது கருவிழியைத் துளைத்துப் பார்வையைப் பறித்துவிடும். கிளமிடியா தொற்று சற்றுத் தாமதமாக, 5 முதல் 14 நாளில் வரும். அது நுரையீரலையும் தாக்கலாம் என்பதால் சொட்டு மருந்து மட்டும் போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலேகூட இந்தத் தொற்று இருக்கும். மருத்துவர் பெற்றோருக்கும் பரிசோதனை சொன்னால் செய்துகொள்ளுங்கள். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

- கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே முறை துடைத்து எறியுங்கள். ஒவ்வொரு முறைக்கும், ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு.
- குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கோர முனையில் மருந்தை விடுங்கள். கண் திறந்ததும் தானாக உள்ளே போகும்.
- கண் தெளிந்துவிட்டாலும், சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், மை எதுவும் கண்ணில் வேண்டாம். அக்காவுக்கு வாங்கிய பழைய சொட்டு மருந்தும், கடையில் கேட்டு வாங்கியதும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சில தொற்றுகள் முற்றிவிடும். வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்தால், சரியாகும்வரை குழந்தையைத் தூக்க வேண்டாம். துண்டு, தலையணை தனியாக இருக்கட்டும்.

நடுராத்திரியில் வண்டி இல்லையே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தட்டினால் திறப்போம் என்று நாம் எல்லோரும் இன்றே முடிவு செய்துகொள்வோம்.