ஊர்ப் பணமும் ஒப்பந்தப்புள்ளியும்

(ஊராட்சித் தலைவர்களுக்கான பயிற்சி முகாமில், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



தம் வீட்டுக்குச் சுவர் எழுப்புகிறவர் நாலு கொத்தனார்களிடம் கூலி கேட்கிறார். அவர்கள் முன்பு கட்டிய சுவரையும் போய்ப் பார்க்கிறார். ஊருக்குப் பாலம் கட்டும்போதும் அதே அக்கறை வேண்டும் என்பதற்காக ஏற்பட்டதே ஒப்பந்தப்புள்ளி முறையாகும்.

நான் பணியிற் சேர்ந்த புதிதில் செய்த தவறு ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறேன். ஓடைப் பாலம் ஒன்றுக்கு, மதிப்பீட்டில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து ஒருவர் புள்ளி கொடுத்தார். அரசுக்கு ஆதாயம் என்று மகிழ்ந்து நானே பரிந்துரைத்தேன். இவ்விலைக்கு எவ்வாறு கட்டுவீர் என்று ஒரு வார்த்தை கேட்டேனில்லை. குறைத்த பணத்தை அவர் சிமெண்டில் மிச்சம் பிடித்தார். மூன்றாம் மழைக்காலத்தில் பாலம் உட்கார்ந்துவிட்டது. ஓராண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகள் முழங்கால் நீரில் ஓடையைக் கடந்தனர். மறுபடி கட்டிய செலவையும் கூட்டிப் பார்த்தால், நான் தள்ளிய புள்ளியே மலிவானது!

நம் மாநிலத்தில் ஒப்பந்தப்புள்ளிகள் ஒளிவுமறைவின்றி நடைபெறுவதற்கென 1998ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. அண்டை மாநிலமாகிய கர்நாடகமும் 1999இல் இத்தகைய சட்டத்தை இயற்றிற்று. அழைப்பைப் பலரறிய வெளியிடுதல், புள்ளி கொடுத்தவர் முன்னிலையில் திறத்தல், முன்னரே அறிவித்த அளவுகோலால் மட்டும் மதிப்பிடுதல் ஆகியவை இச்சட்டத்தின் உயிர்நிலை. குறைந்த புள்ளியும் சந்தை விலைக்கு மேற்பட்டதாயின், அவருடன் மட்டுமே விலை பேசலாம். மற்றவரை அழைத்துப் பேசுவது முறையன்று.

பெரிய வேலைகளுக்கு இரண்டு உறை முறை உண்டு. முதல் உறையில் தகுதியும் அனுபவமும். இரண்டாம் உறையில் விலை. தகுதி பெற்றவரின் விலை உறையே திறக்கப்படும். தகுதியற்றவரின் மலிவு விலை நம் கண்ணை மயக்காதிருக்க இது நல்ல காப்பு.

2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போட்டவரே ஐந்தாண்டுகள் அதைப் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பகுதியாயிற்று. பின்னால் பள்ளம் அடைக்கப் போகிறவர் தாமே என்று அறிந்தவர், முன்னால் ஜல்லியைக் குறைப்பாரா?

ஆகவே, நண்பர்களே! இவற்றை மறவாதீர். மூன்று புள்ளிகள் ஒரே கையெழுத்தில், ஒரே பிழையுடன் வந்தால், அவை மூன்றல்ல, ஒன்றே. ஐயத்தை எழுத்தில் மேலிடத்துக்குத் தெரிவியுங்கள். மதிப்பீட்டுக்கு மிகக் குறைந்த புள்ளியைக் கண்டால் கணக்குக் கேளுங்கள். வேலை நடக்கையில் அளவுப் புத்தகத்தில் எழுதியதும் மண்ணில் இருப்பதும் ஒன்றுதானா என்று நேரில் பாருங்கள். மதிப்பீட்டையும் செலவையும் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்.

கையெழுத்து உங்களுடையது, பணமோ ஊராருடையது.