விற்றவர் கையில் திறவுகோல்



இலக்கியக் கூட்டமொன்றில் கணினியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்தால், மண்டபம் மாறி வந்துவிட்டானோ என்று சிலர் ஐயுறக்கூடும். ஆனால் எழுதுகின்ற உபகரணத்தைப் பற்றி யோசிக்கும் உரிமை வேறெந்த ஊருக்கு இல்லாவிட்டாலும் இந்த வாழைச்சேனைக்கு உண்டு. வைக்கோலைக் கூழாக்கித் தாளாக வார்த்து நாடெங்கும் அனுப்பிய காகித ஆலை 1950களில் எழுந்தது இங்கேதான். அந்த ஆலை விற்ற தாளில் யார் எதை எழுதினார்கள், அதற்கு உரிய விலை கொடுத்தார்களா என்று ஆலையின் ஆட்கள் வீடு வீடாகப் போய் விசாரித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. விற்றுவிட்ட தாளை, அதன்மேல் எழுதிய எழுத்தோடு சேர்த்து, தூரத்தில் இருந்துகொண்டே வெறுந்தாளாக்கிவிடும் வல்லமையும் அதற்கு இருந்ததில்லை. இன்று நமது எழுத்தெல்லாம் தாளிலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்தத் திரையை இயக்கும் மென்பொருளை விற்றவருக்கோ அந்த வல்லமை வாய்த்திருக்கிறது. அதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன்.

நமது சந்திகளிலுள்ள கொமினிக்கேசன் கடை எதிலாவது சற்று நேரம் நின்று பாருங்கள். மரணவீட்டுக்காரர் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுவந்த உறவினர் பெயர்களைப் பார்த்துப் பார்த்து, கடைப் பிள்ளை பாமினி எழுத்துருவில் மரண அறிவித்தலைத் தட்டச்சுச் செய்துகொண்டிருப்பாள். சாதாரண தரப் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாளைப் பொட்டோக்கொப்பி எடுக்க மாணவர்கள் பக்கத்தில் காத்து நிற்பார்கள். அந்த வேளையில் திரையின் பின்னணியிலிருந்த படம் மறைந்து கறுப்பாகும். வலது பக்கத்துக் கீழ் மூலையில், இந்த விண்டோஸ் பிரதி அசலானதல்ல என்று ஆங்கிலத்தில் வரிகள் தோன்றும். ‘வைரஸ் அடிச்சிற்றுது போல’ என்பார் மரணவீட்டுக்காரர். பிள்ளை கணினியை அணைத்துத் திரும்பவும் போடுவாள். கறுப்பும் திரும்பவும் வரும். கடை முதலாளியோ, பொருத்திக் கொடுத்தவரிடம் கணினிக்குரிய முழு விலையையும் கொடுத்து பில்லும் வாங்கி வைத்திருப்பவர். உள்ளே போட்ட விண்டோஸ் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவுமில்லை, பொருத்தியவர் சொல்லவுமில்லை. மூலப்பிரதியைத் திருடியவர் ஓரிடத்தில் இருக்க, அதை ஏற்றி விற்றவர் இன்னோரிடத்தில் இருக்க, திருட்டுப்பட்டம் மட்டும் நாலு பேர் முன்னிலையில் இந்தக் கடையின் திரையில் ஒட்டப்படுகிறது.

திருட்டை நியாயப்படுத்த நான் வரவில்லை. மென்பொருள் வர்த்தகர்களின் உலகக் கூட்டமைப்பு வெளியிட்ட கணிப்பின்படி, 2017இல் இலங்கைக் கணினிகளில் ஏற்றப்பட்டிருந்த மென்பொருளில் 77 சதவீதம் உரிமம் பெறாதது. கணக்கெடுத்தவர்கள் விற்பனைக்காரர்களே என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்துகொண்டாலும், அது நமக்குப் பெருமை சேர்க்கும் எண் அல்ல. ஒருவர் புத்தியைச் செலவிட்டு ஆக்கிய பொருளை விலை கொடாமல் அனுபவிப்பது தவறு என்பதை, கவிஞர்களும் கதாசிரியர்களும் அமர்ந்திருக்கும் இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் நூலைப்போலவே காக்கிறது; உரிமமற்றது என்று தெரிந்துகொண்டே அதை வர்த்தக லாபத்துக்குப் பயன்படுத்துபவருக்குச் சிறையோ தண்டமோ இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. ஆனால் அந்தச் சட்டம் தண்டனையை யார் கையில் ஒப்படைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நீதவானுடைய கையில். முறைப்பாடு வேண்டும், தெரிந்தே செய்தார் என்பதற்குச் சாட்சியம் வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவர் எழுந்து நின்று தம் பக்கத்தைச் சொல்ல ஒரு நாள் வேண்டும். மேலே சொன்ன கறுப்புத் திரைக்கு இவையொன்றும் வேண்டியதில்லை. வாதியும் நீதிபதியும் தண்டனையை நிறைவேற்றுபவரும் அங்கே ஒருவரே. அந்த ஒருவரும் மனிதரல்ல, கடல்களுக்கு அப்பால் சுழன்றுகொண்டிருக்கும் ஓர் இயந்திரம்.

இந்த வழக்கம் இணையத்தோடு பிறந்ததென்று எண்ணிவிடாதீர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ரெவ்லொன் என்னும் பெயர்பெற்ற அழகுசாதன நிறுவனத்துக்கும் அதன் களஞ்சியங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்த லொஜிஸ்டிக்கொன் என்னும் நிறுவனத்துக்கும் இடையே கொடுப்பனவு பற்றிய பிணக்கு எழுந்தபோது, விற்றவர்கள் தொலைபேசிக் கம்பி வழியே நுழைந்து அந்த மென்பொருளைச் செயலிழக்கச் செய்தார்கள். சரக்கு அனுப்பும் வேலை அப்படியே நின்றது. மென்பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். பணம் வரவில்லை என்று விற்றவர்கள் சொன்னார்கள். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பதற்கு நீதிமன்றம் என்று ஒன்று இருக்க, தீர்ப்பு வருமுன்னே தண்டனை நிறைவேறிவிட்டது.

பிறகு மைக்ரோசொப்ட் நிறுவனம் உலகெங்குமுள்ள விண்டோஸ் பிரதிகளைத் தானே பரிசோதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. விஸ்டா என்னும் பதிப்பு முதலில் வந்தபோது, சோதனையில் தேறாத கணினியில் ஒரு மணி நேரம் இணையத்தைப் பார்க்கலாம். அதன்பின் அது உங்களை வெளியே தள்ளிவிடும். 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் நடந்ததை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். ஊழியர் தவறால், ஆயத்தமாகாத நிரல் ஒன்று பரிசோதனைச் சேவையகங்களில் ஏற்றப்பட, உரிய பணம் கொடுத்து நேர்வழியில் வாங்கியவர்களின் கணினிகளும் போலியென்று முத்திரை குத்தப்பட்டன. ஏறத்தாழ 12,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அந்த நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. உலகக் கணக்கில் அது சொற்பந்தான். அந்தச் சொற்பத்துள் அகப்பட்டுக்கொண்டவர் தம்முடைய நேர்மையை யாரிடம் போய் நிரூபிப்பார்? அடுத்த ஆண்டு வெளியே தள்ளும் அந்த முறையைக் கைவிட்டு, நச்சரிக்கும் முறையோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே 2008 ஒக்டோபரில் சீனாவில் போலிப் பிரதிகளின் திரைகள் மணிக்கொருமுறை கறுப்பானபோது எழுந்த ஜனக் கோபமோ பெரிது.

இலக்கிய அன்பர்களுக்கு இன்னும் அண்மையிலுள்ள சம்பவம் ஒன்று. 2009ஆம் ஆண்டு ஜூலையில், ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ நாவலைக் காசு கொடுத்து மின்னூலாக வாங்கியிருந்தவர்கள், தங்கள் கிண்டில் கருவியிலிருந்து அது மறைந்துபோயிருக்கக் கண்டார்கள். அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லையென்று தெரிந்ததும் அமேசன் நிறுவனம் வாசகர் கருவிகளுக்குள் புகுந்து நூலை அழித்து, பணத்தையும் திருப்பியிருந்தது. ஆட்சியாளர் பழைய பத்திரிகைகளை அழித்து எழுதும் கதையைக் கொண்ட நூலுக்கே இந்தக் கதி நேர்ந்ததை எந்த நையாண்டிக்காரரும் கற்பனை செய்திருக்கமாட்டார். ஆனால் எனக்கு அதைவிட உறைத்தது, அந்நூலை விடுமுறைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த மிச்சிகன் மாநிலத்து மாணவன் ஒருவனின் நிலை. பக்கத்துக்குப் பக்கம் அவன் எழுதிவைத்திருந்த குறிப்புகள், நூல் போனதனால் எதைக் குறித்தவை என்று விளங்காதவையாகிவிட்டன. நூல் விற்றவருடையதென்றே வைத்துக்கொள்வோம், குறிப்பு யாருடையது? நம் மட்டக்களப்பு மண் தந்த விபுலானந்த அடிகள் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூலை அரங்கேற்றும் வரையில் பல்லாண்டு காலம் தேடித் தேடிச் சேர்த்த குறிப்புகளை, அவற்றை எழுதிய கொப்பியின் விலையில் தகராறு என்று சொல்லி எவரேனும் எடுத்துக்கொண்டு போயிருந்தால், இந்த மாவட்டம் பொறுத்திருக்குமா?

இந்த வல்லமை திரையோடும் நூலோடும் நின்றுவிடவில்லை. 2022இல் உக்ரைன் நாட்டின் மெலிட்டொபோல் நகரிலிருந்து கொள்ளையிட்டுச் செல்லப்பட்ட ஜோன் டியர் உழவு இயந்திரங்களை, அவை பல நூறு மைல் கடந்து செச்சினியா சேர்ந்த பின்னரும், தூரத்திலிருந்தே இயங்காமல் பூட்டினார்கள். கேட்டவர்கள் கைதட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். மகிழ்ந்த பின்புதான், திருடனின் உழவு இயந்திரத்தைப் பூட்டுகின்ற அதே விசை, ஒழுங்காக வாங்கிய உழவனின் இயந்திரத்திலும் இருக்கிறதே என்ற எண்ணம் வந்தது. 2025 ஜூலையில் நடந்தது அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியது. குஜராத்தின் வாடினார் நகரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்யப் பங்கு உண்டு என்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசொப்ட் அந்நிறுவனத்தின் மின்னஞ்சலையும் ஏனைய சேவைகளையும் நிறுத்தியது. கவனியுங்கள்: களவுப் பிரதி இல்லை, கட்டணப் பாக்கி இல்லை, இந்தியச் சட்டத்தை மீறிய குற்றமும் இல்லை. நயாரா டில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாட்களுக்குள் சேவை திரும்பியது. பெரும் எண்ணெய் ஆலை ஒன்றுக்கு வழக்கறிஞரைப் பிடித்து உயர் நீதிமன்றம் போக வசதி இருந்தது. நமது கொமினிக்கேசன் கடைப் பிள்ளை எந்த நீதிமன்றம் போவாள்? களவைப் பிடிப்பதற்கென்று வீட்டுக்குள் விட்ட காவல்காரன், இன்று வேறு யாரோ இடும் ஆணைக்கும் கதவைப் பூட்டுகிறான் என்பதே நான் சொல்ல வந்ததன் சாரம்.

மின்சாரக் கட்டணம் கட்டாதவருக்குக்கூட நமது நாட்டில் முதலில் சிவப்பு அறிவித்தல் வருகிறது. நாள் குறித்து, தொகை குறித்து, எங்கே போய்ப் பேசலாம் என்றும் குறித்து. மாரியில் இடி விழுந்து மதர்போட் எரிந்து, புதியதைப் போட்டதனாலேயே பழைய உரிமத்தை ஏற்க மறுக்கும் கணினிக்குச் சொந்தக்காரருக்கு, அவருடைய மொழியில் அப்படியொரு அறிவித்தல் தருவதற்கு என்ன தடை? பூட்ட வேண்டிய நிலையே வந்தாலும், அவர் எழுதியதை அவர் எடுத்துக்கொண்டு போக வழிவிட்டுப் பூட்டுவதற்கு என்ன தடை?

வேறு வழியும் உண்டென்பதை நிரூபித்தவர்கள் நம் நாட்டவர்கள் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி இந்தக் கரையோரத்தைச் சூறையாடிய சில நாட்களுக்குள், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து கணக்கிடுவதற்கு, இலங்கைக் கணினியாளர்கள் தொண்டாகவே சகனா என்னும் மென்பொருளை ஆக்கினார்கள். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எவரும் திருத்தலாம் என்று அதனைத் திறந்துவைத்தார்கள். மறு ஆண்டு பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கேயும் அது போய் உதவியது. உரிமம் காலாவதியாயிற்று என்று, நிவாரண முகாமின் நடுவே அதன் திரை ஒருநாளும் கறுக்காது. எல்லா வேலைக்கும் இத்தகைய சுதந்திர மென்பொருள் போதுமென்று நான் சொல்லமாட்டேன். பேஜ்மேக்கரில் பழகிய அச்சகக்காரர் என்னோடு சண்டைக்கு வருவார், அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கும். ஆனால் கடிதம் எழுதவும், வினாத்தாள் தயாரிக்கவும், நூலகப் பட்டியல் வைத்திருக்கவும் லினக்ஸும் லிப்ரே ஒப்பிஸும் தாராளமாகப் போதும். களவுப் பட்டமும் இல்லை.

ஆகவே கோறளைப்பற்றுப் பிரதேச சபைக்குச் சமர்ப்பிக்க ஒரு விண்ணப்பம் வரைந்திருக்கிறோம். பொது நூலகத்துக்குக் கணினி வாங்கும்போது உள்ளேயுள்ள மென்பொருளின் உரிமத்தையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும். முன்னறிவித்தலின்றிச் சேவையை நிறுத்துவதில்லை என்று விற்பவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். வாசகர் பயன்பாட்டுக்கென ஒரு கணினியிலாவது சுதந்திர மென்பொருள் ஏற்றப்பட வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். மூன்றாவது வேலையைச் சம்பளமின்றிச் செய்து தர நம் இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். விண்ணப்பம் வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது வாசித்துப் பார்த்து, சம்மதமானவர்கள் கையொப்பமிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொண்டு, எனக்குப் பின் பேசவிருக்கும் அன்பருக்கு இடம்விட்டு அமர்கிறேன்.