சல்லடையில் சிக்கிய கடிதம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பனியன் ஊர்ல கம்ப்யூட்டர்காரனுக்கு என்னய்யா வேலை?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. திருப்பூர் கம்பெனிகளின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். லேப் டிப் ஓகேவா, எந்த சைஸில் எத்தனை பீஸ், சரக்கு எந்தத் தேதியில் ஏற வேண்டும், எல்லாமே மெயிலில்தான் வருகிறது.

ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். "மூன்று முறை எழுதியும் பதில் இல்லை" என்று ஜெர்மனி பையர் போனில் சத்தம் போட்டார். மெர்ச்சண்டைசர் தம்பியோ, "ஒண்ணுகூட வரலைங்க" என்று சத்தியம் செய்தார். முதலாளி அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பவே தயாராகிவிட்டார். உண்மையில் இருவர் சொன்னதும் சரிதான்.

பையரிடம் அந்த மெயில்களின் மெசேஜ் ஐடியை வாங்கி, சர்வர் லாக்கில் தேடினேன். மெயில்கள் நம் சர்வருக்கு வந்திருந்தன. டெலிவரி புரோகிராமின் கைக்கும் போயிருந்தன. அடுத்த வரியில் விடை இருந்தது: 'டிஸ்கார்ட்'. வடிகட்டும் ஸ்கிரிப்ட் அவற்றைத் தூக்கி எறிந்திருந்தது!

அந்த ஸ்கிரிப்டின் மொழிக்குப் பெயர் 'சீவ்', அதாவது சல்லடை. 2001-ல் அதன் இலக்கணம் வெளியானது. விளம்பர மெயில்களை ஒழிக்க, தலைப்பில் 'ஃப்ரீ' என்று இருந்தால் எறிந்துவிடு என்று யாரோ விதி எழுதியிருந்தார்கள். பையர் கேட்டதோ 'அசோ-ஃப்ரீ' சான்றிதழ்! புற்றுநோய் அபாயமுள்ள அசோ சாயங்களை 1990களில் ஜெர்மனி தடை செய்ததிலிருந்து, நம் சாயப்பட்டறைகளுக்குப் பழகிப்போன சொல் அது. 'கன்டெய்ன்ஸ்' என்று விதி போட்டால், தலைப்பின் எந்த மூலையில் அந்த எழுத்துகள் இருந்தாலும் பொருந்திவிடும். 'ஃப்ரீ சைஸ்' ஆர்டருக்கும் இதே கதிதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இலக்கணப் பிழையால் ஸ்கிரிப்ட் ஓடாமல் நின்றால், மெயில் இன்பாக்ஸுக்கே வந்து சேரும். சீவை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பிழையே இல்லாமல் ஓடுகிற தவறான விதிதான் ஆபத்து. டிஸ்கார்ட் ஆனால் அனுப்பியவருக்கும் தகவல் போகாது, பெறுபவருக்கும் தெரியாது.

நம்ம செக்கிங் டேபிளில் என்ன செய்கிறோம்? பழுதான பீஸில் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைக்கிறோம், குப்பையில் போடுவதில்லை. அதேபோல, சந்தேக மெயில்களைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பும்படி விதியை மாற்றினேன். தினமும் ஒருவர் அதைத் திறந்து பார்க்கிறார். புதிய விதி எழுதினால், 'சீவ்-டெஸ்ட்' கருவியில் பழைய மெயில்களைக் கொடுத்துப் பார்த்த பிறகே நடைமுறைக்குக் கொண்டுவருகிறோம். டவ்காட் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவி கிடைக்கும்.

பையர் மறுபடி அனுப்பினார், சான்றிதழ் போனது. அந்தத் தம்பியின் வேலையும் தப்பியது.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் இப்படிப்பட்ட பொறுப்புகளுக்கு வருவீர்கள். ஆளைக் குறை சொல்லும் முன்பு லாக்கைப் படியுங்கள். அதில் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றக்கூடும்.