முதல் நாள் பணமும் கடைசி நாள் கணக்கும்

(நமது அறக்கட்டளை நடத்திய குடும்பச் செலவு விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று நான் பேசப்போவது செல்போன் செலவைப் பற்றி. கல்யாணச் செலவு, மருத்துவச் செலவு பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அறக்கட்டளையில் உதவி கேட்டு வருகிற குடும்பங்களோடு உட்கார்ந்து மாதக் கணக்கு எழுதும்போது அரிசி, பால், வாடகைக்கு அடுத்ததாக வருவது "போன் தவணை", "ரீசார்ஜ்" என்ற இரண்டு வரிகள்தான். நான்கு பேர் இருக்கும் வீட்டில் நான்கு போன். அத்தா மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருப்பார், மகன் கோயம்புத்தூரிலோ வளைகுடாவிலோ இருப்பான், மகளுக்குக் கல்லூரிப் பாடம் போனில் வருகிறது. யாரிடமும் போன் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதையாவது தெரிந்து வாங்க வேண்டும்.

உலகத்தில் போன் வாங்க இரண்டு வழி உண்டு. முழு விலையையும் கொடுத்து போனை வாங்கிவிட்டு, ரீசார்ஜைத் தனியாகச் செய்துகொள்வது ஒன்று. முதலில் கொஞ்சம் பணம் கட்டி, மீதியை மாதாமாதம் கட்டுவதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது வழியில் போன் மலிவாகத் தெரியும். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி நம் நாட்டுக்கு வந்தது. விலை 31,000 ரூபாய். அதே போனை அமெரிக்காவில் 199 டாலருக்கு விற்றார்கள். அன்றைய மதிப்பில் எட்டாயிரத்து ஐநூறு ரூபாய் அளவுதான். இந்தியர்களை ஏமாற்றுகிறார்கள் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். அங்கே 199 டாலர் கொடுத்தவர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்த திட்டமே மாதம் 70 டாலர். 24 மாதத்துக்கு 1,680 டாலர். போனின் உண்மையான விலை அந்த மாத பில்லுக்குள் ஒளிந்திருந்தது. இடையில் விலகினால் அபராதம் வேறு. நம் ஊரில் 31,000 கொடுத்தவர் மறுநாளே வேறு திட்டத்துக்கு மாறலாம். அமெரிக்காவிலேயே டி-மொபைல் நிறுவனம் 2013-ல் இந்த முறையைக் கைவிட்டது. போன் விலை தனி, பேசும் கட்டணம் தனி என்று பிரித்துக் காட்டியது. மற்ற நிறுவனங்களும் பின்னால் அதே வழிக்கு வந்தன.

நம் நாட்டிலும் இந்த முறையை மூன்று முறை பெரிய அளவில் முயன்று பார்த்தார்கள்.

முதலாவது 2003 ஜூலை. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று அறிவித்தது. நம் பகுதியிலும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன் செல்போன் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள். 501 ரூபாய்க்கு வந்ததும் ஆட்டோ ஓட்டுபவர், காய்கறி விற்பவர் கையிலும் வந்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் அது சிடிஎம்ஏ போன். வேறு கம்பெனி சிம்மைப் போட்டுக்கொள்ள வழியில்லை. மாதாமாதம் பில் வரும் என்பதைப் பலர் யோசிக்கவே இல்லை. கட்ட முடியாமல் பலர் விட்டார்கள். அவர்களுக்குத் தொல்லை, நிறுவனத்துக்கு வாராக்கடன்.

இரண்டாவது 2017. ஜியோபோன். 1,500 ரூபாய் முன்பணம், மூன்று வருடம் கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும், ஆகவே போன் இனாம் என்றார்கள். நிபந்தனைகளை வாசித்தவர்களுக்குத்தான் தெரிந்தது: ஒவ்வொரு வருடமும் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும். மூன்று வருடத்துக்கு 4,500. இந்த நிபந்தனை தெரிந்தே, எப்படியும் அவ்வளவு ரீசார்ஜ் செய்யப்போகிறவர் வாங்கியிருந்தால் அவருக்கு லாபம்தான். இனாம் என்று நினைத்து வாங்கி, போனை மூலையில் போட்டவருக்கு நஷ்டம்.

மூன்றாவது 2021 நவம்பர், ஜியோபோன் நெக்ஸ்ட். இதில் ரொக்க விலையும் தவணை விலையும் பக்கத்தில் பக்கத்திலேயே அறிவிக்கப்பட்டன. அதனால் கணக்குப் பழகுவதற்கு இது நல்ல பாடம். ரொக்கம் 6,499 ரூபாய். தவணை என்றால் முதலில் 1,999 ரூபாய், செயலாக்கக் கட்டணம் 501 ரூபாய். ஆக 2,500. பிறகு தினம் ஒன்றரை ஜிபியும் தடையில்லா அழைப்பும் உள்ள திட்டத்துக்கு மாதம் 450 வீதம் 24 மாதம். அது 10,800. மொத்தம் 13,300.

ரொக்கத்துக்கு வாங்கியவர் அதே அளவு டேட்டாவுக்கு 84 நாள் ரீசார்ஜை அன்றைய விலையில் 555 ரூபாய்க்குச் செய்திருப்பார். இரண்டு வருடத்துக்கு ஒன்பது ரீசார்ஜ், 4,995 ரூபாய். போனையும் சேர்த்தால் 11,494. வித்தியாசம் 1,806 ரூபாய்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த மாதமே, 2021 டிசம்பரில், அந்த ரீசார்ஜ் 666 ரூபாய் ஆனது. அந்த விலையில் கணக்குப் பார்த்தால் ரொக்கக்காரரின் மொத்தச் செலவு 12,493. வித்தியாசம் 807 ரூபாயாகக் குறைகிறது. விலை ஏறும் காலத்தில் ஒப்பந்தம் சிலருக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும் என்பதை மறுக்க முடியாது. எந்த வழி நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. முதல் நாள் கொடுக்கும் பணத்தைப் பார்க்காமல், கடைசி நாள் வரை போகும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்று நம் ஊர்களில் போன் ஒப்பந்தம் வேறு வேஷத்தில் வருகிறது. கடையில் நிதி நிறுவனத்தின் ஆள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஆதார், வங்கிப் புத்தகம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் போன். பெயர் இஎம்ஐ. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 12,000 ரூபாய் போன். முன்பணம் 2,400. மாதம் 1,200 வீதம் பத்து மாதம். செயலாக்கக் கட்டணம் 500. கூட்டினால் 14,900. நீங்கள் உண்மையில் கடனாக வாங்கியது 9,600 ரூபாய்தான். அதற்குப் பத்து மாதத்தில் 2,900 ரூபாய் கூடுதல். நூற்றுக்கு முப்பது ரூபாய்! கந்து வட்டிக்காரனைத் திட்டுகிற நாம் இதைச் சிரித்துக்கொண்டே கட்டுகிறோம். தவணை தேதியில் கணக்கில் பணம் இல்லை என்றால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், நிதி நிறுவனம் இன்னொரு அபராதம் போடும். கடன் மதிப்பெண் இறங்கும். நாளை மகளின் படிப்புக்கு வங்கிக் கடன் கேட்டுப் போகும்போது இந்தப் பழைய போன் தவணை குறுக்கே வந்து நிற்கும்.

"பாய், இது வட்டியில்லாத இஎம்ஐ" என்று கடைக்காரர் சொல்வார். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைச் செயலாக்கக் கட்டணம் போன்ற பெயர்களில் மறைக்கிறார்கள் என்று. கடைக்காரரே தவணைக்கு ஒரே விலையை முதலிலேயே உறுதி செய்து, தாமதத்துக்குக் கூடுதல் கேட்காமல் விற்பது வேறு. மூன்றாவது ஆள் பணம் கொடுத்து அதன் மேல் கூடுதல் வாங்குவது வேறு. இரண்டுக்கும் மார்க்கத்தில் உள்ள வேறுபாட்டை நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், போட்ட பிறகு கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது என்பது நமக்குத் தெரியும். நாம்தான் எதையும் வாசிக்காமல் விரல் வைக்கிறோம். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எதுவானாலும் எல்லாக் கட்டணங்களையும், வருடாந்திர விகிதத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முக்கிய விவர அறிக்கை என்று பெயர். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இனி ரீசார்ஜ். 28 நாள் திட்டத்தை நாம் "மாத ரீசார்ஜ்" என்கிறோம். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், ஆனால் 28 நாள் பதின்மூன்று முறை வரும். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பின் ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி, 28 நாளுக்கு 299 ரூபாய். பதின்மூன்று முறைக்கு 3,887. அதே திட்டம் 84 நாளுக்கு 799. வருடக் கணக்கில் ஏறத்தாழ 3,470. ஒரு போனுக்கு நானூறு ரூபாய் மிச்சம். நான்கு போனுக்குப் பாருங்கள். 2022-ல் டிராய் உத்தரவிட்ட பிறகு ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். கடையில் கேட்டால்தான் சொல்வார்கள்.

போஸ்ட்பெய்டு எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். பிரீபெய்டு விலையில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டில் 18 சதவீதம் மேலே வரும். 449 என்று விளம்பரத்தில் பார்த்தது பில்லில் 530 ஆகும்.

வீட்டில் இருக்கும் வயதான அம்மாவுக்கு டேட்டா எதற்கு? மகன் போன் செய்தால் எடுத்துப் பேசுவார், அவ்வளவுதான். டிராய் 2024 டிசம்பரில் போட்ட விதிப்படி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் 2025 ஜனவரியில் வந்தன. அப்போது ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், ஏர்டெலில் 469. ஏர்டெலில் ஒரு வருடத்துக்கு 1,849. 799 ரூபாய் திட்டத்திலிருந்து 448-க்கு மாறினாலே வருடத்துக்குச் சுமார் 1,500 ரூபாய் மிச்சம். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

மலை வேலைக்குப் போகிறவர்கள் போடிமெட்டு தாண்டி எந்தத் தோட்டத்தில் எந்தக் கம்பெனி சிக்னல் கிடைக்கிறது என்று அங்கே வேலை செய்பவரிடம் கேட்டுவிட்டு ரீசார்ஜ் செய்யுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் மலிவுத் திட்டமும் வீண் செலவுதான். கம்பெனி மாற எண்ணை மாற்றத் தேவையில்லை. ஆதார், வங்கி, ரேஷன் எல்லாம் அதே எண்ணில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணை 1900-க்கு அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். ஒரு கம்பெனியில் 90 நாள் இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை தெரியும். கையில் மொத்தமாக 799 ரூபாய் இருப்பவர் குறைவாகக் கொடுக்கிறார். 299 மட்டுமே இருப்பவர் அதிகமாகக் கொடுக்கிறார். ரொக்கம் உள்ளவருக்கு 12,000-க்குக் கிடைக்கும் போன், இல்லாதவருக்கு 14,900. ஏழைக்குத்தான் எல்லாம் விலை கூடுதல். இந்த இடத்தில்தான் ஜமாஅத்துக்கு வேலை இருக்கிறது.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் இரண்டு யோசனைகளை வைத்திருக்கிறேன். ஒன்று, 84 நாள் ரீசார்ஜுக்கு அழகிய கடன். 799 ரூபாயை நாம் கொடுப்போம். அவர் மூன்று தவணையில் திருப்பித் தரட்டும், ஒரு பைசா கூடுதல் வேண்டாம். இரண்டு, தெருவுக்குப் பத்துக் குடும்பம் சேர்ந்து ஏலக் கழிவு இல்லாத சீட்டு. மாதம் ஆளுக்கு ஆயிரம். மாதம் ஒருவர் கையில் பத்தாயிரம். கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முதல் சீட்டு. வசதியுள்ளவர்கள் கடைசிச் சீட்டை எடுத்துக்கொள்ள முன்வந்தால் அதுவும் ஓர் உதவிதான். கணக்கை எழுதி, இரண்டு சாட்சி வைத்து, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டில் எத்தனை போன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாளைக்கு எவ்வளவு, தவணை இருந்தால் இன்னும் எத்தனை பாக்கி என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணக்குப் போடத் தெரியாவிட்டால் அசருக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படித்த இளைஞர்கள் இருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தவணையை நிறுத்திவிடாதீர்கள், ஒழுங்காகக் கட்டி முடியுங்கள். வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுவது நம் கடமை. அடுத்த போனுக்குத்தான் இந்தக் கணக்கு.

மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் ஏலக்காய் பறித்துச் சம்பாதித்த காசு அது. அதன் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் தெளிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.