பழைய தையல் சொன்ன பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் மேடையேறினால் ரோபோ, மின்சாரக் கார் என்று ஏதாவது பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு கிழிந்த சீட்டைப் பற்றி.

எங்கள் வீட்டில் 1984 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் ஒரே நீள சீட். தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மும்பையில் டாக்ஸியாக ஓடியவையும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. பெட்டி படுக்கையோடு என்னை இந்தக் கல்லூரி ஹாஸ்டலில் இறக்கிவிட்டது இந்த வண்டிதான். டிரைவர் பக்கம் சீட் குழிந்து, ஸ்பிரிங் குத்த ஆரம்பித்ததும் அப்பா வண்டியை எடுப்பதை நிறுத்திவிட்டார். "வித்துடுடா" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

2024 மே மாத லீவில் நானே சரிசெய்வது என்று இறங்கினேன். போல்ட்டுகளைக் கழற்றி சீட்டைத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். பழைய கவரைக் கிழித்து மூலையில் எறிந்தேன். டேப் வைத்து அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, மூன்று மீட்டர் ரெக்சினை வெட்டினேன். தைத்து மாட்டினால் நடுவில் தொளதொள, மூலையில் எட்டவே இல்லை! வளைவான பொருளைத் தட்டையாக அளந்தவன் இஞ்சினியர் என்று வெளியில் சொல்ல முடியுமா?

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பழசைப் பிரிச்சுப் பாத்தியாடா?"

குப்பையிலிருந்து எடுத்து, பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தோம். துண்டுகளுக்குச் சாக்பீஸால் நம்பர் போட்டோம். எது எதோடு சேர்கிறது என்று ஓரத்தில் கோடு கிழித்தோம். அப்போதுதான் தெரிந்தது, கவர் சீட்டைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது. இழுத்து மாட்டினால்தான் சுருக்கம் விழாது. துண்டுகளை அப்படியே மாதிரியாக வைத்து, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டினோம். பருத்தி நூல் வெயிலிலும் வியர்வையிலும் இற்றுப்போகும் என்று பாலியஸ்டர் நூல். அம்மாவின் தையல் மெஷினில் 18ஆம் நம்பர் ஊசி. நாலு மடிப்பு சேரும் இடத்தில் சக்கரத்தைக் கையால்தான் சுற்றினோம். ரெக்சினை வெயிலில் காயவைத்து, இளகியதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக் கம்பி வளையம் போட்டோம்.

முடிந்ததா? இல்லை. ஸ்பிரிங்மேல் சாக்கும் தேங்காய் நாரும் இருந்த இடத்தில் நான் நாலு அங்குல ஃபோம் வைத்திருந்தேன். 40 டென்சிட்டி. ஒரு கன மீட்டர் 40 கிலோ எடை என்பதுதான் அதற்கு அர்த்தம். அது எவ்வளவு அமுங்கும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் நான் ஒன்றாக நினைத்துவிட்டேன். அப்பா உட்கார்ந்தார். ஸ்டியரிங் தொடையில் இடித்தது. ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் வளையங்களைக் கழற்றி, பழைய நார் அடுக்கின் உயரத்தை அளந்து, ஃபோமை இரண்டு அங்குலமாகக் குறைத்தேன். கவரையும் அதற்கேற்பப் பிடித்துத் தைத்தாள் அம்மா. அப்பா மறுபடி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். "இப்பத்தான்டா கால் எட்டுது" என்றார். அப்புறம் விற்கிற பேச்சே வரவில்லை.

தம்பி தங்கைகளே, புதிதாக வரையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் பழசைக் கிழிக்காமல் பிரித்துப் பாருங்கள். முன்னே செய்தவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது அந்தத் தையலில்தான் இருக்கிறது.

வண்டி வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. அப்பாவும் வந்திருக்கிறார். போய் உட்கார்ந்து பாருங்கள். இடது மூலையில் தையல் கொஞ்சம் கோணலாக இருக்கும். அது மட்டும் என் கைவேலை.